ஒற்றியும் விலையும்

வீடென்னும் சொற்கு உறையுள் என்பது ஒரு பொருள்; விடுதலை என்பது மற்றொன்று. வாடகை வரும், அதனைக்கொண்டு கடனையடைத்துவிடலாம் என்று நம்பி ஒரு வீட்டை வாங்கி, முதற்பொருளில் வீட்டைப் பெற்று இரண்டாம் பொருளில் அதனை இழந்து நிற்போரை நம் குமரி மாவட்டத்தில் ஊர்தோறும் காணலாம். இதனைத் தமிழ் மாணாக்கன் ஒருவனது சொல்விளையாட்டென்று ஆசிரியன்மார் தள்ளிவிடாதிருக்க வேண்டுகிறேன். இக்கல்லூரியினின்று வெளிப்போந்து உத்தியோகம் பெற்ற பழைய மாணவர் பலர் இன்று இவ்வெண்ணத்திலேயே இருக்கின்றனர். இப்பொழுது பயில்வோரும் இன்னும் பத்தாண்டிற் கையிற் சிறிது பணத்தோடு இதே வாயிலில் வந்து நிற்பர்.

இவ்விஷயத்தில் யான் புகுந்தது என் விருப்பத்தாலன்று. என் தாய்மாமன் பன்னிரண்டாண்டுகளாக வளைகுடா நாடொன்றிற் குழாய் பொருத்தும் வேலை செய்து வருபவர். மீண்டு வந்தபின் மக்கள் கையை எதிர்பாராது உண்ணவேண்டுமென்பது அவர் கருத்து. சென்ற விடுமுறையில் ஊர் வந்திருந்தபொழுது, இரணியலில் இரண்டு குடித்தனங்களுக்கு இடமுள்ள ஓர் ஓட்டுவீடு ஆறு சென்ட் நிலத்தோடு விலைக்கு வருகிறதென்று கேட்டு, முன்பணங் கொடுக்கு முன்னர் அதன் பழைய ஆதாரக்கட்டை வாங்கி வந்து என் முன்னே வைத்தார். "மருமகனே, நீ தமிழ்தானே படிக்கிறாய்? இதை வாசித்துச் சொல்லு" என்றார். இரண்டாண்டாக யான் கற்ற தமிழுக்கு எங்கள் வீட்டார் கண்ட முதற் பிரயோஜனம் இதுவே.

இரணியலைக் கண்டறியாத அன்பர்க்கு ஒரு சொல். இது திருவிதாங்கூர்க் காலத்தில் ஒரு தாலுகாவின் தலைமையூர். இன்று கல்குளம் வட்டத்தைச் சேர்ந்தது. கைத்தறி நெசவுக்கும் முன்சீப் நீதிமன்றத்துக்கும் பெயர்பெற்றது. வேணாட்டரசர் உறைந்த அரண்மனை இங்கே உண்டு. குதிரை மாளிகையும் வசந்த மண்டபமுமாக விளங்கிய அவ்வரண்மனை ஆள் குடியின்றி நெடுங்காலம் கூரை சரிந்து கிடந்தது. பூட்டிக் கிடக்கும் வீடு எத்துணை விரைவில் அழியும் என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா. வாடகைக்கு விடுவதே வீட்டுக்கும் நல்லது என்று என் மாமன் சொல்வதில் இதுவரை எனக்கு உடன்பாடே. குடிவருவோர்க்கும் குறைவில்லை. அருகே திங்கள்சந்தை, 1838இல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவமனையை உடைய நெய்யூர் நடந்துசெல்லும் தொலைவு, மணவாளக்குறிச்சியில் அருமணல் ஆலை, அப்பால் குளச்சல் துறை. 1979இல் திருவனந்தபுரம்-நாகர்கோவில் இருப்புப்பாதை திறந்தபின் இரணியலில் இறங்கி ஏறி இருபுறத்து நகரங்களுக்கும் வேலைக்குச் செல்வோர் உளர். ஆகவே வீடு காலியாகக் கிடக்குமோ என்னும் அச்சம் பெரிதன்று. கேட்கவேண்டிய கேள்வி வேறு.

விற்போர் சொன்ன விலை 30 லட்சம் ரூபாய். பத்திரம் முடிக்கத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை முதலியவற்றுக்கு நூற்றுக்கு 7உம், பதிவுக்கட்டணம் 2023 முதல் நூற்றுக்கு 2உம் ஆக, 9 பங்கு செல்லும், அது 2,70,000. எழுத்தர் கூலி, வழக்கறிஞர் கூலி, ஓடு மாற்றும் செலவு இவற்றைச் சேர்த்தால் 33 லட்சத்தில் வந்து நிற்கும். பேசும்பொழுது எல்லாரும் 30 என்றே பேசுகின்றனர். அந்த 3 லட்சம் எவர் வாயிலும் வருவதில்லை. வாடகையோ, குடித்தனம் ஒன்றுக்கு மாதம் 5,500 எனக் கொண்டால் இரண்டிற்கும் 11,000, ஆண்டிற்கு 1,32,000. ஆண்டில் ஒரு மாதம் ஏதேனும் ஒரு காரணத்தால் வாடகை வாராது என்று கொள்ளுதலே விவேகம். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் ஓட்டுவீட்டுக்கு ஆண்டுதோறும் செலவுண்டு, வீட்டுவரி உண்டு, கிணற்று மோட்டார் பழுதாகும். இவையெல்லாம் போகக் கையில் நிற்பது ஏறக்குறைய ஒரு லட்சம். 33 லட்சத்துக்கு ஒரு லட்சமெனின் நூற்றுக்கு 3 வட்டி. வைப்புநிதிக்கு வங்கி இதனினும் மிகுதியாகக் கொடுக்கும். அதற்கு ஓடு மாற்ற வேண்டுவதுமில்லை.

மாமன் இதனைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியானால் 20 லட்சம் வங்கிக்கடன் வாங்கினால்?" என்றார். முதன்முதலாக வீடு வாங்குவோர் பலரும் வழுக்கி விழும் இடம் இதுவேயாம். 30 லட்சத்துக்கு மேற்படாத வீட்டுக்கடனில் மதிப்பில் நூற்றுக்கு 90 பங்குவரை கொடுக்க ரிசர்வ் வங்கி இடந்தருகிறது. கொடுப்பதற்கு வங்கிகளும் ஆயத்தமாயிருக்கின்றன. நூற்றுக்கு 9 வட்டியில் 20 ஆண்டுத் தவணை எனக் கொண்டால் 20 லட்சத்துக்கு மாதம் ஏறக்குறைய 18,000 கட்டவேண்டும். வாடகை 11,000. எஞ்சிய 7,000 மாமன் சம்பளத்தினின்று 240 மாதங்கள் வரவேண்டும். தமக்கு 63 வயதாகும்வரை அவர் அந்த வெயிலிற் குழாய் பொருத்தினாலன்றி வீடு தானே தன் கடனைத் தீர்த்துக்கொள்ளாது. முதுமையில் உழையாதிருக்க வாங்கும் வீடு, முதுமைமட்டும் உழைக்கச் செய்யுமாயின் அதனை வருமானமென்று எவ்வாறு அழைப்பது?

இங்கே யான் ஒரு பழைய உரைகல்லை எடுத்துக்காட்ட விரும்புகிறேன். அதுவே ஒற்றி. நம் நாட்டில் வாடகைக்குக் குடியிருப்போர் ஒருபுறம்; ஒற்றிக்குக் குடியிருப்போர் மற்றொருபுறம். ஒற்றிக்கு வருபவர் ஒரு தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடங் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறும் நாளில் அத்தொகையை அப்படியே திரும்பப் பெறுவார். பணத்துக்கு வட்டியில்லை, வீட்டுக்கு வாடகையில்லை. வடக்கே இதனைப் போக்கியம் என்பர். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இதனை அனுபவத்தோடு கூடிய அடமானமாக வகுத்துச் சொல்கிறது. ஆயினும் அச்சட்டத்துக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது இச்சொல். திருவொற்றியூர்ப் பெயரை இப்பொருளோடு இணைத்துச் சிலேடை செய்த புலவரும் உளர். நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளைப் புரட்டினால் நம் முன்னோர் நிலத்தை எவ்வெவ்வாறு கைமாற்றினர் என்பது விளங்கும்.

இனி உரைத்துப் பார்ப்போம். அவ்வீட்டுக் குடித்தனம் ஒன்று ஒற்றிக்கு 5 லட்சம் போகும். இரண்டும் சேர்ந்து 10 லட்சம். ஆண்டு வாடகை 1,32,000 ஆதலால், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்குச் சற்று மேலாகக் கணக்கு ஒத்துவருகிறது. ஆகவே, ஊரார் தம் கைப்பணத்தைக் கொண்டு அவ்வீட்டின் பயன்பாட்டுக்கு இட்ட மதிப்பு 10 லட்சம். விற்போர் கேட்பதோ 30 லட்சம். நடுவே நிற்கும் 20 லட்சம் எதற்காக? நிலவிலை ஏறுமென்னும் நம்பிக்கைக்காக. "இரணியலில் எனக்கொரு வீடுண்டு" என்னும் பெருமைக்காக. பணம் வேறெங்கும் போய்விடாதென்னும் மன அமைதிக்காக. இவை பயனற்றவை என்று யான் சொல்லவில்லை. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் மாதந்தோறும் அரிசி வாங்காது. வாடகையை நம்பி உண்ணப்போகிறவன் வாடகையின் விலையைக் கொடுக்கவேண்டுமேயன்றி நம்பிக்கையின் விலையைக் கடன்பட்டுக் கொடுத்தலாகாது.

மாமன் மறுத்தார். "நிலம் எங்கே ஓடிப்போகும்? என் அப்பா வாங்கியபோது சென்ட் என்ன விலை, இன்று என்ன விலை?" என்றார். அதில் உண்மையுண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் இச்சிறு மாவட்டத்தில் 18 லட்சத்து 70 ஆயிரம் மக்கள். ஒருபுறம் மலை, இருபுறம் கடல். நிலம் நீளப்போவதில்லை. வெளிநாட்டுப் பணம் வந்துகொண்டேயிருக்கும்வரை விலை இறங்குதல் அரிது. ஆயினும் விலையேற்றம் விற்பவனுக்கே பயன். "மாமா, நீங்கள் இதனை எந்த ஆண்டில் விற்பீர்கள்?" என்று கேட்டேன். "விற்பதா! பிள்ளைகளுக்கல்லவா?" என்றார். விற்கவே நினையாதவர் விலையேற்றத்தைக் கணக்கிற் சேர்ப்பது எங்ஙனம் பொருந்தும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நிற்க. ஆதாரக்கட்டின் கதைக்கு வருவோம். அடியில் இருந்தது கொல்லம் 1108ஆம் ஆண்டு எழுதியது, அதாவது 1932-33. பாதி தமிழும் பாதி மலையாளமுமான நடை. கிழக்கே இன்னார் விளை, தெற்கே தோடு என்று எல்லை. மூன்றாம் வரியில், விற்போருடைய பாட்டனார்க்கு நிலம் வந்தது விலையாக அன்று, ஒற்றியும் குழிக்காணமுமாக என்று கண்டேன். எனக்கு வியர்த்தது. ஒற்றி எத்தனை பழையதாயினும் ஒற்றியே. பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்கும் உரிமை, ஒற்றி வைத்த நாள் முதல் 30 ஆண்டு கழிந்ததென்ற காரணத்தால் மட்டும் மாய்ந்துவிடாதென்று 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நல்லவேளையாக, கட்டில் நான்காவதாக இருந்த ஆதாரம் ஒற்றித் தொகையைக் கழித்து மீதியைப் பெற்றுக்கொண்டு விலையாகத் தீர்த்துக் கொடுத்ததைத் தெளிவாகச் சொல்லிற்று. இந்த நான்காவது தாள் எங்கேனும் செல்லரித்துப் போயிருந்தால் என் மாமன் வாங்குவது வீடன்று, எவரோ ஒருவர் பேரனது வழக்கு. இன்று கணினியிற் கிடைக்கும் வில்லங்கச் சான்று இத்துணைப் பழங்காலத்துக்கு எட்டாது; பழைய பதிவேடுகளைத் தேடித் தரும்படி சார்பதிவாளர் அலுவலகத்திற் கேட்டே வாங்கவேண்டும். முப்பதாண்டு வில்லங்கம் பார்த்தாயிற்று என்று தரகர் சொல்வது நம் ஊருக்குப் போதாது.

ஆனால் பழைய தாள் கொடுத்த அச்சம் நீங்கியபின் புதிய தாள் அச்சந் தந்தது. வீட்டின் முந்தைய உரிமையாளர் 1983இல் மரணசாசனம் எழுதாமலே இறந்தார். அவர்க்கு ஆண்மக்கள் மூவர், பெண்மக்கள் இருவர். விற்க வந்தோர் ஆண்மக்கள் மூவரே. சகோதரிமார் எங்கே என்று கேட்டதற்கு, "அவர்களுக்குச் சீதனம் கொடுத்துக் கட்டிக்கொடுத்தாயிற்றே" என்றனர். பொய் சொன்னாரல்லர், அவ்வாறே நம்பியிருக்கின்றனர். அந்நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் 1916இல் வந்தது. மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது என்றது. சில சபையார்க்கும் சில தாலுகாக்களுக்கும் விலக்குண்டு, பொதுவிதி இதுவே. 1951 ஏப்ரல் முதல் நாளில் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இந்நிலத்துக்கும் வந்துவிட்டதென்பதையும், அதன்படி மகனும் மகளும் சமபங்கினர் என்பதையும் ஊரில் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. சென்னை உயர்நீதிமன்ற ஆயம் 1970களிலேயே பழைய சட்டம் வழக்கொழிந்ததெனக் கண்டது. மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில் 1986இல் உச்சநீதிமன்றமும் அதனையே முடிந்த முடிபாக்கிற்று. ஆகவே 1983இல் இறந்தவரது வீட்டில் இரு சகோதரிமார்க்கும் ஐந்திலொரு பங்கு வீதம் உண்டு. சீதனம் பெற்றதனால் அது போய்விடவில்லை.

இது கிறிஸ்தவ வீடுகளுக்கு மட்டும் உரிய சங்கடமன்று. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே 1926ஆம் ஆண்டுச் சட்டம் வருமுன் சொத்து மருமக்கள்வழிச் சென்றது. அவ்வழக்கத்தின் கேட்டைக் கவிமணி ஒரு முழு நூலாகவே பாடினார். (அவ்வழியே எங்கள் குடும்பத்திலும் இருந்திருந்தால் இந்த வீடு ஒருநாள் எனக்கே வரும் என்று மாமனிடம் சொன்னேன், அவர் நகைக்கவில்லை.) இந்துக் குடும்பங்களில் 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தமும் பெண்மக்களுக்கு மூதாதையர் சொத்திற் பங்களித்தன. இவ்வாறு சட்டம் மூன்று நான்கு முறை மாறிய நிலத்தில், கையெழுத்து இட்டவர் எவர் என்பதோடு இடாதவர் எவர் என்பதையும் பார்த்தே வாங்கவேண்டும். வில்லங்கச் சான்றில் ஒரு பெண்ணின் பங்கு தோன்றாது. பதிவு செய்தது மட்டுமே அதில் வரும். பிறப்பால் வந்த உரிமையை எவர் பதிவு செய்தார்?

சிலர், "அந்தச் சகோதரிமார் கேட்கவில்லையே, நாம் ஏன் கிளறவேண்டும்? விலையும் சகாயமாக வருகிறது" என்றனர். எனக்கு இது பொறுக்கவில்லை. சகாயமாக வந்தது எவர் பங்கினின்று வந்தது? என் தமக்கைக்கும் நாளை இவ்வாறே செய்வார்கள் என்பது ஒருபுறமிருக்க, முதன்முதலில் வாங்கும் வீட்டிலேயே பிறர் பங்கைச் சேர்த்து வாங்கிக்கொண்டு அதில் வாடகை பெற்று உண்பது என்ன உணவு? விவேகமும் இதனையே சொல்லும். நீதிமன்றம் அவ்வூரிலேயே இருக்கிறது. பாகவழக்குப் போட அவர்கள் பேருந்து ஏறவும் வேண்டா.

இன்னும் ஒருவர் இருக்கின்றார். தென்புறக் குடித்தனத்தில் தையல் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் 5 லட்சம் கொடுத்து ஒற்றிக்கு இருக்கின்றார். மகளுக்கென்று சேர்த்த பணம் அது. எழுத்து, 20 ரூபாய் முத்திரைத்தாளில், பதிவில்லை. 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடமானம் பதிவுசெய்த பத்திரத்தாலன்றி ஆகாதென்று சட்டம் சொல்வதை அவர்க்கு எவரும் சொல்லவில்லை. "விலையில் 5 லட்சம் பிடித்துக்கொள்ளுங்கள், அவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கின்றனர் விற்போர். இப்படியே பலரும் வாங்குகின்றனர். வட்டியில்லாத பணமென்று மகிழ்கின்றனர். அது இலவசமன்று, அவர் வெளியேறும் நாளில் 5 லட்சமும் ஒருங்கே எடுத்து வைக்கவேண்டிய கடன். அப்பொழுது புதிதாக ஒற்றிக்கு வருபவரிடம் வாங்கிப் பழையவர்க்குக் கொடுப்பதே வழக்கம். புதியவர் வரத் தாமதித்தால் பழையவர் மகளது திருமணம் நிற்கும். ஆகவே அவர் தொகையும் பெயரும் விலைப்பத்திரத்திலேயே ஏறவேண்டும், இன்ன நாளில் இன்னார் திருப்பிக் கொடுப்பார் என்று எழுதி அவர் கையிலும் ஒரு பிரதி இருக்கவேண்டும் என்றேன். வடபுறக் குடித்தனத்துக்கும், 2019 முதல் நடைமுறையிலிருக்கும் வாடகைச் சட்டத்தின்படி எழுத்தில் உடன்படிக்கை செய்து வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்ய வேண்டும். வாய்ச்சொல்லே போதும் என்பது இனி இருவர்க்கும் ஆபத்து.

இவ்வளவும் சொன்னபின், "நீ வாங்கவே வேண்டாமென்கிறாய்" என்றார் மாமன். அப்படியன்று. கையிலிருக்கும் பணத்துக்குள் வரும் சிறிய வீடு, ஒரே குடித்தனமாயினும், வழித்தடம் பத்திரத்தில் எழுதப்பட்டதாய், உரியோர் அனைவரும் கையெழுத்திட்டதாய் அமைந்தால் நூற்றுக்கு 3ஏ வரினும் வாங்கலாம். கடனில்லாதபோது 3 மெய்யாகவே 3. இந்த வீடே வேண்டுமென்றாலும் சகோதரிமார் இருவரும் வரட்டும், விலை குறையட்டும், பிறகு பேசலாம் என்பதே என் துணிபு. முற்றத்து வழியைக்கூட யான் அளந்து பார்த்தேன், மூன்றடி அகலம். ஆட்டோ வாராத வழிக்கு 5,500 வாடகை கிடைக்குமா என்பதும் ஐயமே.

மாமன் முன்பணங் கொடாமலே விமானம் ஏறினார். விற்போர் கிறிஸ்துமஸ் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கின்றனர். மூத்த சகோதரி திருவனந்தபுரத்தில் இருக்கின்றாராம், இளையவர் திருநெல்வேலியில். அண்ணன்மார்க்கு எழுதக் கூச்சமாயிருக்கிறதென்று, அவ்விருவர்க்கும் கடிதம் எழுதும் வேலையையும் தமிழ் படிக்கிறவனென்று என்னிடமே விட்டிருக்கின்றனர். "அன்புள்ள அக்காவுக்கு" என்று தொடங்கி மூன்று முறை கிழித்துவிட்டேன்.